லண்டனைச் சிக்கனமாகச் சுற்றிப் பார்க்க: முதல்முறை வருகிறவர்களுக்கு

போன கோடையில் மதுரையிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் லண்டன் வந்தார்கள். ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்குள் பெட்டியை வைத்ததுமே சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். உள்ளே ஏழு இருபது பவுண்டு நோட்டு. எப்போதோ ஒரு நண்பரிடம் வாங்கி பீரோவில் பத்திரப்படுத்தியது. "செலவுக்கு இது போதும்ல?" என்றார்.

அத்தனையும் காகித நோட்டு. காகித இருபதும் ஐம்பதும் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதிக்குப் பிறகு கடைகளில் செல்லாது. இப்போது புழங்குவது வழுவழுப்பான பிளாஸ்டிக் நோட்டு. சித்தப்பா முகம் வாடிவிட்டது. நல்லவேளையாக, நகரத்தின் நடுவே த்ரெட்நீடில் தெருவில் இருக்கும் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் பழைய நோட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டோடு ஒரு வேலைநாளில் போய் மாற்றினோம். பக்கத்திலேயே அதே வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, அதையும் பார்த்துவிட்டு வந்தோம். உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்பே எடுத்துப் பாருங்கள். வட்டமான பழைய ஒரு பவுண்டு நாணயமும் 2017 அக்டோபரோடு போய்விட்டது. இப்போதிருப்பது பன்னிரண்டு பக்கம் கொண்டது.

லண்டன் என்றாலே கையைக் கடிக்கும் என்று ஊரில் பேச்சு. பாதிதான் உண்மை. இங்கே பார்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை. படுப்பதற்கும், போக்குவரத்தில் தெரியாமல் செய்கிற தப்புகளுக்கும்தான் காசு கரைகிறது. அந்த இரண்டைச் சரிசெய்துவிட்டால் மீதி தானாக அடங்கும்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத ஹோட்டல் அறையையோ டிக்கெட்டையோ போடாதீர்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் விசிட்டர் விசா வேண்டும், வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லை, ஆனால் கிளம்பும் முன் ஆன்லைனில் மின்னணுப் பயண அனுமதி வாங்கியாக வேண்டும்.

அடுத்தது வங்கிக் கார்டு. இங்கே பஸ்ஸிலிருந்து டீக்கடை வரை கார்டைத் தொட்டுத்தான் காசு கொடுக்கிறார்கள், பல கடைகளில் ரொக்கமே வாங்குவதில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியால் பெரும்பாலான இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் காண்டாக்ட்லெஸ் வசதியும் மூடித்தான் இருக்கும். வங்கியின் ஆப்பில் போய் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றை மறந்தவர்களை ஹீத்ரோ விமான நிலையத்தில், டியூப் எனும் சுரங்க ரயிலின் வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் டியூபில் வேலை செய்யும். ரூபே கார்டை மட்டும் நம்பி வராதீர்கள். கடையில் மெஷின் "ரூபாயிலா, பவுண்டிலா?" என்று கேட்டால் எப்போதும் பவுண்டு. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை மெஷின்காரர் நிர்ணயிப்பார், நிச்சயம் நமக்குச் சாதகமாக இருக்காது.

பஸ், ரயிலில் போக ஒருவருக்கு ஒரு கார்டு வேண்டும். கணவன் கார்டில் மனைவியும் சேர்ந்து போக முடியாது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் வங்கி அதிகம் பிடித்தால், இங்கு வந்து ஆய்ஸ்டர் எனும் பயணக் கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் கார்டுக்கென்று தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும், அது திரும்பி வராது. இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு வங்கிக் கார்டே லாபம்.

மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு ஏப்ரல் கடைசிக்கும் செப்டம்பர் கடைசிக்கும். ஜூலை, ஆகஸ்டில் அறை வாடகை ஏறிவிடும். டிசம்பரில் மதியம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பூங்காவும் பாலமும் பார்க்க நேரமே இருக்காது. ஜூனில் இரவு ஒன்பது வரை வெளிச்சம். ஒரு நாள் வாடகையில் ஒன்றரை நாள் சுற்றலாம். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வந்து இறங்காதீர்கள். டிசம்பர் 25 அன்று டியூப், பஸ், ரயில் எதுவும் ஓடாது.

அப்புறம் பிளக். இங்கே இருப்பது பட்டையான மூன்று கால் கொண்டது. இந்தியாவில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடாப்டரை விமான நிலையத்தில் பல மடங்கு விலைக்கு வாங்காதீர்கள்.

எங்கே படுப்பது

டியூப் வரைபடத்தில் லண்டனை வளையம் வளையமாகப் பிரித்திருப்பார்கள், 1 முதல் 6 வரை சோன். முதல் சோனில் அறை விலை தலையைச் சுற்றும். அதனால் வெளியே தள்ளிப் பார்ப்போம். ஆனால் எவ்வளவு தள்ளலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு.

கார்டைத் தொட்டுப் போகும்போது ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கமாட்டோம் என்று ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 கட்டணப்படி சோன் 1-2க்குள் 8.90 பவுண்டு, 4 வரை போனால் 12.80, 6 வரை போனால் 16.30. ஆக, சோன் 6-இல் தங்கும் தம்பதிக்கு சோன் 2-இல் தங்குபவர்களைவிடத் தினமும் கிட்டத்தட்ட 15 பவுண்டு கூடுதலாகப் போகலாம். போக வர ஒன்றரை மணி நேரமும் சேர்த்துப் போகும். அறை வாடகையில் அதைவிட நல்ல வித்தியாசம் இருந்தால் மட்டும் வெளியே போங்கள். எனக்குப் பிடித்தது சோன் 2, 3: ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம், கொஞ்சம் தள்ளி ஈஸ்ட் ஹாம். பகுதியின் பெயரைவிட, ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். பத்துக்கு மேல் என்றால் வேண்டாம், பெட்டியோடு மழையில் நடக்கும்போது தெரியும்.

தனியாக வருபவர்களுக்கு ஹாஸ்டல் படுக்கை போதும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பல்கலைக்கழக விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுவார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் விடுதிகள் சில நடு நகரத்திலேயே இருக்கின்றன. ஹோட்டல் போடும்போது படத்தை நம்பாமல் இரண்டு விஷயம் கேளுங்கள்: குளியலறை அறைக்குள் இருக்கிறதா, அறைக்கு ஜன்னல் உண்டா. என் நண்பன் ஒருவன் மலிவாகக் கிடைத்தது என்று போட்ட இடத்தில் அறை தரைக்குக் கீழே. ஜன்னல் திரையை விலக்கினால் ஒரு செங்கல் சுவர். நாலு இரவு அந்தச் சுவரோடு குடும்பம் நடத்தினான்.

வாட்ஸ்அப் குழுக்களில் "ஒரு வாரத்துக்கு ரூம்" என்று முன்பணம் கேட்பவர்களுக்கு, அறையை நேரில் பார்க்காமல் ஒரு பைசா அனுப்ப வேண்டாம்.

ஹீத்ரோவிலிருந்து உள்ளே

மூன்று ரயில் உண்டு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பாடிங்டனுக்குக் கால் மணி நேரத்தில் போகும், கடைசி நேரத்தில் வாங்கினால் 25 பவுண்டு அளவில் ஆகும். எலிசபெத் லைன் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், 13 பவுண்டுக்கு மேல். டியூபின் பிக்கடிலி லைன் ஒரு மணி நேரம், 2025-இல் 5.80. தூங்கி வழிந்துகொண்டு வரும் முதல் நாளில் அரை மணி நேரம் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? பிக்கடிலியில் ஏறுங்கள், முதல் நிலையம் என்பதால் உட்கார இடமும் கிடைக்கும். வயதானவர்களோடு வந்தால் மட்டும் எலிசபெத் லைன். அதன் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் அல்லது சாய்தளம் உண்டு. பழைய டியூப் நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டுதான்.

நடு இரவில் இறங்கினால் என்9 இரவு பஸ் நடு நகரம் வரை வரும், சாதாரண பஸ் கட்டணமே.

தொட்டு ஏறுவது, தொட்டு இறங்குவது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான்.

பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட வேண்டும். டியூபிலும் ரயிலிலும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தொட வேண்டும். இரண்டு தடவையும் அதே கார்டு. சித்தப்பா முதல் நாள் ஈஸ்ட் ஹாமில் ஃபாரெக்ஸ் கார்டைத் தொட்டு உள்ளே போனார். வெஸ்ட்மின்ஸ்டரில் வெளியே வரும்போது பர்ஸில் முதலில் கைக்கு வந்தது டெபிட் கார்டு. கதவு திறந்தது, அவரும் வந்துவிட்டார். கணினிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருவர் ஈஸ்ட் ஹாமில் நுழைந்து வெளியே வரவே இல்லை, இன்னொருவர் எங்கிருந்தோ முளைத்து வெஸ்ட்மின்ஸ்டரில் வெளியேறினார். இரண்டு கார்டிலும் அதிகபட்சக் கட்டணம். "ஏம்ப்பா, நான் ரெண்டு தடவையும் தொட்டேனே!" என்று அன்று முழுக்கப் புலம்பினார். போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் கணக்குத் திறந்து முறையிட்டால் இதைத் திருப்பி வாங்க முடியும், நாங்களும் வாங்கினோம். ஆனாலும் ஒரு வேலைதானே. கார்டை பர்ஸோடு சேர்த்துத் தேய்க்காமல் தனியாக எடுத்துத் தொடுங்கள். வாட்சிலும் போனிலும் இருக்கும் அதே கார்டும் கணினிக்கு வேறு கார்டுதான்.

டிஎல்ஆர் எனும் குட்டி ரயிலின் பல நிலையங்களில் கதவே இருக்காது, தூணில் ஒரு கருவி மட்டும் இருக்கும். பேச்சு சுவாரசியத்தில் தொடாமல் நடந்துவிடுவோம். அங்கே கவனம்.

டிக்கெட் மெஷினில் காகித டிக்கெட் வாங்காதீர்கள், நடு நகரத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல். 11 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் பஸ்ஸிலும், பெரியவரோடு வந்தால் டியூபிலும் இலவசம். 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு ஆய்ஸ்டர் வாங்கி, டியூப் நிலைய ஊழியரிடம் "யங் விசிட்டர் டிஸ்கவுண்ட்" போட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு வாரம் பாதிக் கட்டணம். அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இப்போது பஸ். 2025-இல் ஒரு தடவைக்கு 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் வேறு காசு கிடையாது. நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25-ஐத் தாண்டாது. 2014 ஜூலைக்குப் பிறகு பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை, டிரைவரிடம் சில்லறையை நீட்டாதீர்கள். கட்டணங்கள் பெரும்பாலும் மார்ச்சில் மாறும், வரும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா பஸ்ஸுக்குக் கொட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக டிரஃபால்கர் சதுக்கத்தில் 15-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி மாடியில் முன் இருக்கையைப் பிடியுங்கள். ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் தெரு, செயின்ட் பால் தேவாலயம், கடைசியில் லண்டன் டவர். மரக்கிளைகள் கண்ணாடியில் படபடவென்று அடிக்கும்போது சித்தி ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னொன்று, டியூப் வரைபடம் தூரத்தைச் சரியாகக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு ரயில் ஏறுபவர்கள் உண்டு. இரண்டு நிலையத்துக்கும் இடையே முந்நூறு மீட்டர்கூட இல்லை. படியிறங்கி ஏறும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

மூன்று நாள்

முதல் நாள் வெஸ்ட்மின்ஸ்டர். பிக் பென்னைப் பார்த்துவிட்டு செயின்ட் ஜேம்ஸ் பூங்கா வழியாக பக்கிங்ஹாம் அரண்மனைக்கு நடங்கள். பூங்காவில் கூழைக்கடாக்கள் உலாவும். 1664-இல் ரஷ்யத் தூதர் பரிசாகக் கொடுத்தபோது தொடங்கிய வழக்கம். காவலர் மாறும் நிகழ்ச்சி வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு 11 மணிக்கு. அரண்மனைக் கம்பி ஓரத்தில் ஒன்றரை மணி நேரம் முண்டியடிப்பதைவிட, வாத்தியக் குழு கிளம்பும் வெலிங்டன் பாரக்ஸ் படைமுகாம் பக்கம் நில்லுங்கள், தெளிவாகத் தெரியும். மதியம் டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரி. கட்டணம் இல்லை.

இரண்டாம் நாள் ஆற்றோரம். செயின்ட் பால், நடைப்பாலம், டேட் மாடர்ன் கலைக்கூடம், பரோ மார்க்கெட், அப்படியே டவர் பிரிட்ஜ் வரை நடை. போட்டோக்களில் பார்க்கும் இரட்டைக் கோபுரப் பாலம் இதுதான். லண்டன் பிரிட்ஜ் வேறு, பார்க்க சாதாரணமாக இருக்கும். உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம். ஸ்கை கார்டன் 35-ஆம் மாடி, ஹொரைசன் 22 என்பது 58-ஆம் மாடி. இரண்டும் இலவசம், முன்பதிவு மட்டும் தேவை. சூரியன் மறையும் நேரத்துச் சீட்டுகள் திறந்ததும் தீர்ந்துவிடும், ஊரிலிருந்தே கவனித்துக்கொண்டிருங்கள். செயின்ட் பாலில் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. ஆனால் மாலை வழிபாட்டுக்குப் போனால் கிடையாது. போட்டோ எடுக்காமல், கடைசிவரை உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டு வருவதுதான் மரியாதை.

மூன்றாம் நாள் பிரிட்டிஷ் மியூசியம். இதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். 2001 டிசம்பரிலிருந்து நாட்டின் தேசிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இல்லாதவை. இது அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான். இலவச நேரச்சீட்டை ஆன்லைனில் எடுத்து வைத்தால் வரிசை குறையும். முன்வாசலில் கூட்டம் இருந்தால் பின்னால் மான்டேகு பிளேஸ் வாசலைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு எட்டரை வரை திறந்திருக்கும், ஆறு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும்.

எல்லோரும் ரொசெட்டா கல்லையும் மம்மியையும் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். நீங்கள் 33-ஆம் கூடத்துக்குப் போங்கள். அதன் ஒரு முனையில் கண்ணாடிக்குப் பின்னால் ஆந்திரத்து அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். வால்டர் எலியட் என்ற கம்பெனி அதிகாரி 1845-இல் தோண்டியெடுத்து மதராஸுக்கு அனுப்பியவை, அங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறின. சித்தி கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று ஒரு தாமரை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதே மாதிரி எழும்பூர்ல பார்த்திருக்கேன்டா" என்றார். சரிதான். அதே தூபியின் இன்னொரு பெரிய பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கட்டடம், இரண்டு நகரம்.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் லண்டன் டவர். 35 பவுண்டு அளவில் ஆகும். கோகினூர் வைரம் பதித்த கிரீடம் அங்கேதான். திறந்ததும் நேராக நகைக் கூடத்துக்குப் போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் வரிசை வளரும். ராட்சச ராட்டினத்தையும் மெழுகு பொம்மைகளையும் நான் விட்டுவிடுவேன். குழந்தைகள் அடம்பிடித்தால் உங்கள் பாடு.

கால் வலி இல்லாதவர்களுக்கு நாலாவது நாள் கிரீனிச். டிஎல்ஆரில் டிரைவர் கிடையாது, முன் இருக்கையில் குழந்தைகளை உட்கார வைக்கலாம். ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கினால் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 1902-இல் திறந்த நடைச் சுரங்கம், அக்கரையில் கிரீனிச்.

சாப்பாடு

சுற்றுலா இடங்களில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான். மதியத்துக்கு சூப்பர் மார்க்கெட் "மீல் டீல்": சாண்ட்விச், ஒரு பானம், ஒரு சிப்ஸ், நாலைந்து பவுண்டு. விலைச்சீட்டில் இரண்டு விலை இருந்தால் குறைந்தது அந்தக் கடை உறுப்பினர் அட்டைக்காரர்களுக்கு. சொந்தக்காரர் யாரிடமாவது அட்டை இருந்தால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தேதி முடியப்போகும் பொருள்களுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி விலை குறைப்பார்கள்.

சைவர்கள் கவனிக்க: இங்கே "வெஜிடேரியன்" என்றால் முட்டை இருக்கலாம். முட்டை வேண்டாம் என்றால் "வீகன்" என்று போட்டதை எடுங்கள். கஃபேயில் "இங்கேயா, எடுத்துப் போகவா?" என்று கேட்டால், ஆறிய பண்டமாக இருக்கும்போது எடுத்துப் போவது மலிவு. உட்கார்ந்து சாப்பிட்டால் வரி சேரும். உணவகப் பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருப்பார்கள், கட்டாயமில்லை என்று எழுதியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். மது விற்கும் உணவகத்தில் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த். தோசைக் கடைகளும் இலங்கைக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. கொத்து ரொட்டி தட்டும் சத்தம் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கேட்கும். ஒரு கொத்தை இரண்டு பேர் பகிர்ந்தாலும் வயிறு நிறையும். தெற்கே டூட்டிங், மேற்கே வெம்ப்ளியிலும் இப்படியே.

இன்னும் சில

எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள், இடது பக்கம் நடப்பவர்களுக்கு. தெருவில் போனைக் கையில் நீட்டியபடி வழி பார்க்காதீர்கள். சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள். சுவரோரம் ஒதுங்கி நின்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் வழக்கம் 2021 தொடக்கத்தோடு நின்றுவிட்டது, அதை நம்பி ஷாப்பிங் கணக்குப் போடாதீர்கள். கழிப்பறை தேடும்போது அருகில் எந்த அருங்காட்சியகம் என்று பாருங்கள். சக்கரப் பெட்டியோடு மட்டும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

திரும்பும் நாளில் டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். ஹீத்ரோ போகும் பிக்கடிலி ரயில்களில் சில டெர்மினல் 4-க்கு, மற்றவை 2, 3 வழியாக 5-க்கு. ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும். மாறி ஏறிவிட்டால் பதற்றம் வேண்டாம், டெர்மினல்களுக்கு இடையே ரயில் பயணம் இலவசம்.